மூச்சை விட்டு எடுக்கிற படம்

ஜூன் 10

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம்தான், என் முழங்காலை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டால். நீயும் குண்டூசியும் ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்தீர்களா, பஸ்ஸில் குழந்தை இருமினாளா, தூங்கினாளா என்று எழுது. போனில் கேட்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் நீ, 'அடுப்புல வச்சிருக்கேன் மாமா' என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசி வரி வரை படித்துத்தானே ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். குண்டூசியின் ரிப்போர்ட் வந்துவிட்டது. உனக்குத் தபாலில் வரும் முன்பே என் கையில் வந்து விழுந்துவிட்டது. விழாமல் எப்படி? இந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பிரிவு என்றால் நான், நான் என்றால் ஸ்கேன் பிரிவு. பெரிய பெரிய டாக்டர்கள் படத்தைத் திறந்துவிட்டு முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். (உன் அத்தை தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, 'ஸ்ட்ரெச்சர் தள்ளுறவர் மூஞ்சியை எதுக்குப் பாக்கணும்' என்கிறாள். அவளுக்கு ஆஸ்பத்திரி நடைமுறை தெரியாது.)

'பெரிதாக எதுவும் தெரியவில்லை' என்று போட்டிருக்கிறது. கீழே இன்னும் இரண்டு வரி, தொந்தரவு நீடித்தால் திரும்பக் காட்டவும் என்கிற மாதிரி. அது எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்கும், சோப்பு உறையில் எச்சரிக்கை போடுகிற மாதிரி. டாக்டர் பாஷையில் பெரிதாக எதுவும் தெரியவில்லை என்றால் நம் பாஷையில் சுத்தம். கழுவித் துடைத்த கண்ணாடி.

குண்டூசி மேஜையில் படுத்திருந்த அழகு உனக்கு வெளியிலிருந்து தெரிந்திருக்காது. நுரையீரல் ஸ்கேனில் இரண்டு படம். மூச்சை நிறைய இழுத்து நிறுத்தி ஒன்று. மூச்சை முழுக்க வெளியே விட்டு, நெஞ்சைக் காலி பண்ணி நிறுத்தி இன்னொன்று. வளர்ந்த ஆளே தடுமாறிவிடுவான். எட்டு வயதுப் பிள்ளை, கல்லில் செதுக்கினது போலக் கிடந்தாள். அதற்குக் காரணம் நான். ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று அவள் காதில் ஒரு சின்ன விஷயம் சொன்னேன். இத்தனை வருஷம் அந்த அறையிலேயே நின்று, போகிற வருகிற படத்தையெல்லாம் பார்த்து, நானாகவே கண்டுபிடித்த வித்தை. டாக்டர்களுக்கே தெரியாது. உனக்கும் இப்போது சொல்ல மாட்டேன். அவளிடமே கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன்.

கைக்குழந்தையில் வந்த அந்த நிமோனியாவை நினைத்து இத்தனை காலம் நீ பயந்தது போதும். மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்.

உன் அத்தையும் விசாரித்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமா


ஜூன் 26

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தையைப் படிகளில் பார்த்து இறங்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை அவர் உரக்கப் படித்தார். கழுவித் துடைத்த கண்ணாடி என்ற இடத்தை இரண்டாவது முறையும் படித்தார். அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகிறது. இங்குள்ள டாக்டரும், ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் இருமல் ஒரு பழக்கமாகப் பிடித்திருக்கலாம், மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்து பஃப் இனி வேண்டாம், நிறுத்திப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். நிறுத்திவிட்டோம்.

காலையில் எழுந்ததும் மட்டும் இன்னும் இருமுகிறாள். அது போய்விடும் இல்லையா?

ஸ்கேன் அறையில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறாள். சத்தியம் பண்ணியிருக்கிறாளாம். உங்கள் பேத்தி உங்களைவிடக் கெட்டிக்காரி, மாமா. ரகசியம் காக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூலை 9

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று முழங்கால் வலியே இல்லை. இன்று இருக்கிறது, ஆனால் அது வேறு கதை. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

காலை இருமல் எனக்கும்தான் வருகிறது. என்னை யாராவது ஸ்கேன் எடுத்தார்களா? சாம்பிராணி போட்ட வீடு மாதிரி குழந்தையை மூடி மூடி வைக்காதே. ஓடவிடு. நுரையீரல் என்பது பலூன் மாதிரி, ஊத ஊதத்தான் இளகும். இதை நான் ஒரு டாக்டர் கூட்டத்தில் சொன்னபோது பின் வரிசையில் ஒருவர் எழுதிக்கொண்டார். (அத்தை கேட்கிறாள், 'டீ கொடுக்கப் போன கூட்டமா?' ஆமாம். டீ கொடுக்கப் போனவன் பேசக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?)

போன வாரம் ஒரு பையன் ஸ்கேன் மேஜையைக் கண்டதும் கத்திக் கூரையைப் பெயர்த்துவிட்டான். நாலு நர்ஸ் பிடித்தும் அடங்கவில்லை. நான் போய், 'தம்பி, இது மிஷின் இல்லை, பெரிய வடை. நீ ஓட்டைக்குள்ள போயிட்டு வந்துட்டா வடை தோத்துடும்' என்றேன். சிரித்துக்கொண்டே படுத்துவிட்டான். டெக்னீஷியன் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கைதட்டினாள். நான் கட்டை விரலைக் காட்டினால்தான் அவள் பட்டனை அமுக்குவாள். அவ்வளவு நம்பிக்கை என் மேல்.

குண்டூசியைப் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் சேர்த்துவிடு. ஜெயித்தால் எழுது. தோற்றாலும் எழுது, ஜெயித்ததாக நான் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

உன் மாமா


ஆகஸ்ட் 14

மாமாவுக்கு,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

குண்டூசியை ஓட்டத்தில் சேர்த்தோம். பாதி மைதானத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். விளையாட்டு ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, 'நடிக்குதும்மா, ஓடச் சொன்னா மட்டும்தான் மூச்சு வாங்குது' என்றார். இவரும் அதையேதான் சொல்கிறார். வீட்டில் மாடி ஏறும்போது நடுவில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். கேட்டால் செருப்பு வாரைச் சரி பண்ணுகிறேன் என்கிறாள். அவள் செருப்பில் வாரே இல்லை, மாமா.

போன திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. 'படம் சுத்தமா இருக்கு, உனக்கு என்னடி கேடு' என்று கேட்டு அடித்துவிட்டேன். முதுகில். அழக்கூட இல்லை, இருமினாள். இருமி முடித்துவிட்டு, 'சாரிம்மா' என்றாள்.

அடித்த கை இன்னும் என்னுடையது போலவே இல்லை. படம் சுத்தம் என்றால் இது என்ன, மாமா? நடிப்பா? நீங்கள் எத்தனையோ குழந்தைகளைப் பார்த்திருக்கிறீர்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


செப்டம்பர் 4

அன்பு மருமகளுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை கொஞ்சம் அதிகம். நாங்கள் இருவரும் சுகம். உன் அத்தை உன் கடிதத்தைக் கேட்டாள். எங்கோ வைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

குழந்தையை அடிக்காதே. அவள் நடிக்க மாட்டாள்.

போன வாரம் ஒரு பையனைச் சக்கர நாற்காலியில் வைத்து நுரையீரல் டாக்டரம்மா அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவனுடைய அம்மாவுக்கு டாக்டரம்மா படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். 'மூச்சை இழுத்து நிறுத்தினப்போ எல்லாமே ஒரே மாதிரி கறுப்பாத்தான் தெரியும். வெளியே விட்டப்புறம் பாருங்க, நல்ல இடமெல்லாம் வெளுத்துடுது. சீக்கு உள்ள இடம் காத்தை விட மாட்டேங்குது. பிடிச்சு வச்சுக்குது. அதான் இந்தக் கறுப்புத் திட்டு. விட்டாத்தான் தெரியும்.' அந்த அம்மா தலையாட்டினார். நான் நாற்காலிப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே போங்கள் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் நான் அங்கேயே நிற்பது எனக்குத் தெரிந்தது.

இதை ஏன் உனக்கு எழுதினேன் என்று தெரியவில்லை. சும்மா, ஆஸ்பத்திரிச் செய்தி.

இன்னொரு செய்தி. இங்கே புது ஸ்கேன் மிஷின் வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ராணுவப் பாதுகாப்போடு இறக்கினார்கள். மனசுக்குள் நினைப்பதைக்கூடப் படம் எடுத்துவிடும். சும்மாதான் இருக்கிறது, குண்டூசியை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாயேன். அவசரம் ஒன்றும் இல்லை. இந்த மாதமே வந்தால் நல்லது. அதுவரை ஓட விடாதே.

மாமா


செப்டம்பர் 17

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

திரும்ப ஸ்கேன் எடுக்க இவர் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் முதல் கடிதத்தை எடுத்து வந்து முன்னால் வைத்துக்கொண்டு கேட்கிறார்: 'உங்க மாமாவே சுத்தம்னு எழுதியிருக்காரு. புது மிஷின் வந்துச்சுன்னு குழந்தைக்குத் திரும்பவும் அந்தக் கதிரைக் காட்டணுமா? வேடிக்கையா?' அவர் கேட்பதில் எனக்கும் தவறு தெரியவில்லை.

ஓடவிடு என்று எழுதியவரும் நீங்கள்தான், ஓட விடாதே என்று எழுதுபவரும் நீங்கள்தான். நடுவில் என்ன நடந்தது? உங்கள் கடிதத்தில் இந்தத் தடவை சிரிப்பே வரவில்லை. மிஷின் கதைக்குக்கூட.

எதையாவது என்னிடம் மறைக்கிறீர்களா?

மருமகள்


செப்டம்பர் 24

அன்பு மருமகளுக்கு,

இங்கே சுகம். உன் கடிதம் கிடைத்தது.

மறைக்க என்ன இருக்கிறது? உன்னைப் பயமுறுத்த வேண்டாமே என்று பார்த்தேன், அவ்வளவுதான். விசாரித்துப் பார்த்ததில் தெரிந்தது. குண்டூசியின் இரண்டாவது படம், அதாவது மூச்சை விட்டு எடுக்கிற படம், சரியாக எடுக்கப்படவில்லை. அந்த டெக்னீஷியன் பெண் ஏதோ அவசரத்தில் இருந்திருக்கிறாள். குழந்தை மூச்சை முழுக்க விடும் முன்பே பட்டனை அமுக்கிவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் அவசரம். ஆகவே அந்தப் படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. திரும்ப எடுப்பதுதான் முறை.

மாப்பிள்ளையிடம் இப்படியே சொல். உடனே புறப்பட்டு வாருங்கள்.

மாமா


அக்டோபர் 1

மாமாவுக்கு,

இவரிடம் சொன்னேன். ஸ்கேனுக்கு ஒத்துக்கொண்டார். அந்தப் பெண்ணைப் பற்றி ஆஸ்பத்திரித் தலைவருக்குப் புகார் எழுதவும் உட்கார்ந்துவிட்டார். அவள் பெயரையும், அன்றைக்கு அறைக்குள் வேறு யார் இருந்தார்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மருமகள்


அக்டோபர் 8

மருமகளுக்கு,

அறைக்குள் நான் இருந்தேன். வேறு யாரும் இல்லை.

அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. போன கடிதத்தில் அவளைப் பற்றி எழுதியது பொய். 'முழுசா விட்டாச்சா?' என்று மைக்கில் கேட்டாள். நான் கட்டை விரலைக் காட்டினேன். குழந்தை விடவில்லை. விடாதே என்று காதில் சொன்னது நான்.

பல வருஷமாக அந்த அறையில் பார்த்ததில் ஒன்று கவனித்திருந்தேன். கறுப்புத் திட்டு எப்போதும் இரண்டாவது படத்தில்தான் வருகிறது. மூச்சை விடுவதால்தான் திட்டு வருகிறது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே. நம் குழந்தை படத்தில் திட்டு வரக்கூடாது என்று, 'உள்ளேயே பிடிச்சுக்கோ, விட்டா திட்டு வந்துடும், யார்கிட்டயும் சொல்லாதே' என்றேன். டாக்டரம்மா அந்த அம்மாவுக்குச் சொன்னதைக் கேட்டபோதுதான் நான் செய்தது புரிந்தது. அதன் பிறகும் உனக்கு மிஷின் கதை எழுதினேன். நீ அடித்த அடி எனக்கு விழ வேண்டியது.

நேற்று டெக்னீஷியன் பெண்ணிடம் முதலில் சொன்னேன். 'நீங்க கட்டை விரலைக் காட்டினீங்களே' என்றாள். பிறகு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் எழுந்துவிட்டார். 'இப்படி இன்னும் எத்தனை குழந்தைங்க காதுல சொல்லியிருக்கீங்க?' என்று கேட்டார். யாருக்கும் சொன்னதில்லை. ஊரார் பிள்ளைகளையெல்லாம் முழுக்க விடச் சொல்லித்தான் நின்றிருக்கிறேன். இதைச் சொல்லும்போதுதான் எனக்கே அது உறைத்தது. நம் பிள்ளைக்கு மட்டும்தான் செய்திருக்கிறேன்.

இருபத்தைந்தாம் தேதி காலை குண்டூசிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார். புகாரில் என் பெயரை எழுதச் சொல்.

உன் அத்தைக்கு எல்லாம் தெரியும். உன் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

மாமா


அக்டோபர் 19

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வரும் முன்பே எனக்குத் தெரியும்.

டெக்னீஷியன் பெண்ணைக் குற்றம் சொல்லி நீங்கள் எழுதினீர்களே, அது வந்த அன்றே பயத்தில் பஃப்பை மறுபடி ஆரம்பித்தேன். 'முதல்ல மூச்சை முழுசா வெளியே விடு' என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். அதட்டினேன். 'விட்டா திட்டு வந்துடும்' என்றாள். சொன்னதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சத்தியத்தை மீறிவிட்டோமோ என்று. உங்கள் முதல் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். காதில் சொன்ன வித்தை என்று நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை தடவை படித்திருப்போம், சிரித்துக்கொண்டு.

இவர் புகார் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தார் என்று உங்களுக்கு நான்தான் பொய்யாக எழுதினேன். அறைக்குள் யார் இருந்தார்கள் என்று கேட்டால் நீங்களே சொல்லிவிடுவீர்கள் என்று காத்திருந்தேன். சொல்லாமல் அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் அனுப்பியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

இருபத்தைந்தாம் தேதி இவர் கூட்டிக்கொண்டு வருவார். நான் வரவில்லை. உங்களைப் பார்த்தால் திட்டுவேனா அழுவேனா என்று எனக்கே பிடிபடவில்லை. நான் அடித்ததற்கு நீங்கள் பொறுப்பு ஏற்க வேண்டாம். அது என் கை.

குழந்தை தாத்தாவைப் பார்க்கப் போகிறோம் என்று குதித்துக்கொண்டிருக்கிறாள். குதித்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறாள்.

மருமகள்


நவம்பர் 2

மருமகளுக்கு,

மாப்பிள்ளையும் குண்டூசியும் வீடு வந்து சேர்ந்திருப்பார்கள். மாப்பிள்ளை உன்னிடம் எவ்வளவு சொன்னார் என்று தெரியாது. என்னிடம் அவர் பேசவில்லை. அத்தை கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். அதுவே பெரிது.

நான் இப்போது ஸ்கேன் பிரிவில் இல்லை. போர்வை, தலையணை உறை அடுக்குகிற அறையில் போட்டிருக்கிறார்கள். டாக்டரம்மா என்னை மாற்றச் சொன்னது நியாயம். அதனால் அன்றைக்கு நான் நடையில்தான் நின்றேன். முதல் படம் உடனே முடிந்தது. இரண்டாவதற்கு நேரம் போய்க்கொண்டே இருந்தது. டெக்னீஷியன் பெண் கதவைத் திறந்து, 'நீங்க உள்ளே வாங்க. விட மாட்டேங்குறா. உங்ககிட்ட சத்தியம் பண்ணியிருக்காளாம்' என்றாள்.

உள்ளே போனேன். மைக் திறந்திருந்தது, நான் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும்.

'குண்டூசி, தாத்தா அன்னைக்குச் சொன்னது தப்பு. முழுசா விடு.'

'விட்டா திட்டு வந்துடுமே.'

'விடறதால வராதும்மா. உள்ளே இருந்தா தெரியும். அவ்வளவுதான். தாத்தாவுக்குத் தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்.'

கொஞ்சம் யோசித்தாள். 'அப்ப சத்தியம்?'

'திருப்பி எடுத்துக்கோ.'

என் கையை நீட்டச் சொன்னாள். அதில் தன் உள்ளங்கையை வைத்து, எதையோ பொறுக்கி எடுப்பது போல மூடி எடுத்துக்கொண்டாள். பிறகு விட்டாள். அவ்வளவு காற்று அந்த நெஞ்சுக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் விசில் மாதிரி ஒரு சத்தம். நான் கட்டை விரலைக் காட்டவில்லை. டெக்னீஷியன் பெண் தானே பார்த்து, தானே பட்டனை அமுக்கினாள்.

திட்டு இருக்கிறது. இடது பக்கம் கீழே பெரிதாக, வலது பக்கம் சின்னதாக. கைக்குழந்தையில் வந்த நிமோனியா விட்டுப்போன வடு என்றார் டாக்டரம்மா. போகாதாம். ஆனால் மருந்து, மூச்சுப் பயிற்சி, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்வது என்று ஒழுங்காக இருந்தால் பள்ளிக்கூடம் போகலாம், விளையாடலாம், தன் அளவுக்கு ஓடலாம். இத்தனை மாதம் தள்ளிப்போனதில் எவ்வளவு கூடிவிட்டது என்று கேட்டேன். 'பழைய படத்தோட ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும். பழைய படம் செல்லாதே' என்றார். எனக்கு அது இனி எப்போதும் தெரியப்போவதில்லை.

மேஜையிலிருந்து இறக்கிவிடும்போது குண்டூசி கேட்டாள், 'இந்தத் தடவை படம் நல்லா வந்துச்சா தாத்தா?' நல்லா வந்துச்சும்மா என்றேன்.

இந்தக் கடிதத்தை உன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். மைக் திறந்திருந்த இடத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியே கூடி நின்று கேட்டது என்று எழுதியிருந்தேன். 'எத்தனை பேரு?' என்றாள். மாப்பிள்ளை, டாக்டரம்மா, அந்தப் பெண். அந்த வரியை அடித்துவிட்டேன். மற்றதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது என்று அவளே சொல்லிவிட்டாள்.

நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை. பஃப் எடுக்கும் முன் குழந்தை முழுசா விடுகிறாளா என்று மட்டும் ஒரு வரி எழுது.

மாமா